தேன்பெட்டி வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி

போன வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் விடியக்காலை நாலே கால் மணிக்கு, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் நடுவில், ஒன்பது தேன்பெட்டியோடு மாட்டிக்கொண்டேன். புல்லட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த குட்டி டிரெய்லரின் இடது டயர் ரிம்மோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. கேட்டுக்குத் திரும்பிப் போக இரண்டரை கிலோமீட்டர். பெட்டி இறக்க வேண்டிய மேட்டுக்கு இன்னும் எழுநூறு மீட்டர். டயரைத் தடவிப் பார்த்தால், ரப்பர் மரத்தில் சிரட்டையைத் தாங்கக் கட்டுவார்களே, அந்தக் கம்பியின் ஒரு துண்டு, சுண்டுவிரல் நீளத்தில், அழகாக நட்டுக்குத்தலாக ஏறியிருந்தது.

ஸ்டெப்னி இல்லை. ஸ்பேனர் வீட்டில் இருந்தது.

நம்ம பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர்த் தேன்தான். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். பூவில் அல்ல, காம்பில். அந்தச் சில வாரங்களுக்காகப் பெட்டிகளைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் வைப்போம். எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். தேன் பக்கத் தொழில்தான், ஐம்பது பெட்டிக்குள். கேட் வரைக்கும் பெட்டிகளைக் குட்டியானை கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் தோட்டப் பாதையில் அது ஏறாது, திரும்பவும் இடம் கிடையாது. அங்கிருந்துதான் என் டிரெய்லரின் வேலை.

ரோட்டில் இதை இழுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வண்டிதான். என்னுடையது பட்டறையில் அடித்தது, பதிவு கிடையாது. அதனால் தோட்டத்துக்கு உள்ளே மட்டும்தான். குட்டியானையிலேயே ஏற்றி, குட்டியானையிலேயே இறக்கிக் கொண்டுவருகிறேன்.

அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டி மாற்றுவது ராத்திரியில்தான். ஈ எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு வாசலில் கம்பிவலை வைத்து அடைத்துவிடுவோம். விடிவதற்குள் இடத்தில் வைத்து வாசலைத் திறந்தாக வேண்டும். வழியில் திறந்துவிட்டால் ஈ அந்த இடத்தைத்தான் வீடு என்று மனதில் வைத்துக்கொள்ளும். அப்புறம் எழுநூறு மீட்டர் தள்ளிப் பெட்டியை வைத்தால் மேயப்போன ஈ பழைய இடத்துக்கு வந்து சுற்றிச் சாகும். ஆக, திறக்கவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது. பால்வெட்டு நின்ற சமயம் என்பதால் தோட்டத்தில் காவலாளியைத் தவிர ஆள் நடமாட்டமும் இல்லை. மருமகன், அக்கா மகன், ஸ்பேனரோடு வந்துசேர ஆறே முக்கால். சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோய், பஞ்சர் கடை திறக்கும்வரை காத்திருந்து, ஒட்டித் திரும்பும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிற ரப்பர் மரத்துக்குக் கீழே நிழல் ஏது? நான் சட்டையை நனைத்துப் பெட்டிகளின்மேல் பிழிந்துகொண்டிருந்தேன். ஒரு பெட்டியில் புது அடை இளகிச் சரிந்து, அடியில் ஈயும் தேனும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது. இன்னொரு பெட்டி இரண்டு நாள் கழித்துப் பறந்து போய்விட்டது.

ஒரு கம்பித்துண்டுக்கு இரண்டு குடும்பம். அந்த சீசன் முடிந்ததும் வண்டியைத் திருத்த உட்கார்ந்தேன்.

முதலில் வண்டியைப் பற்றி. தட்டு நூறு சென்டிமீட்டர் நீளம், எழுபது அகலம், 25 மி.மீ ஸ்கொயர் பைப். ஆக்சிலில் இருந்து பைக்கில் மாட்டும் இடம் வரை 140 சென்டிமீட்டர். பைக் வளைவில் சாயும், டிரெய்லர் சாயாது என்பதால் இணைப்பில் பழைய ஜீப்பின் யுனிவர்சல் ஜாயிண்டும் (எந்தப் பக்கமும் மடங்கும் மூட்டு), அதற்குப் பின்னால் தானே உருளும் ஒரு சிலீவும் (குழாய் உறை) இருக்கிறது. வெறும் வண்டி 39 கிலோ. ஒன்பது பெட்டி ஏற்றினால் மொத்தம் 120 வரும்.

சக்கரம் எல்எம்எல் வெஸ்பாவுடையது, 3.50-10 டயர். இதை எடுத்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. பைக் சக்கரம் இரண்டு பக்கமும் பிடித்திருக்கும். கழற்ற வேண்டுமென்றால் ஆக்சிலையே உருவ வேண்டும். வெஸ்பாவின் முன்சக்கரம் ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்பது. கார் மாதிரி ஐந்து நட்டைக் கழற்றினால் சக்கரம் கையோடு வரும், டிரம் வண்டியிலேயே இருக்கும். முன்சக்கரம், பின்சக்கரம் என்ற வித்தியாசமும் கிடையாது. ஸ்கூட்டர்காரர்கள் ஒரே ஒரு ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு காலம் தள்ளியது இதனால்தான். அந்தக் கம்பெனியே மூடிப்போய் வருடங்களாகிவிட்டது, ஆனாலும் பழைய இரும்புக் கடையில் ரிம் கிடைக்கிறது.

ஸ்டெப்னி என்ற பேரைப் பற்றி ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்தின் பேர் அது. எங்கேயோ பிறந்த அந்தப் பேரை நம்ம ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் தினமும் நூறு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாற்றுச் சக்கரத்தைச் சேர்த்தாயிற்று: பழைய ரிம், புது டயர், புது டியூப். ரப்பர் ஷீட் நிறுக்கிற தொங்கு தராசில் போட்டேன், 6 கிலோ 200. அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் நான் சறுக்கினேன்.

மனதில் இருந்த படம் ஜீப். பின்கதவில் கம்பீரமாக ஒரு சக்கரம். சக்கரத்தை அட்டைமேல் படுக்கவைத்து, ஓட்டை வாயில் கிரீஸ் தடவி அழுத்தி எடுத்தேன். ஐந்து ஓட்டையும் அட்டையில் வட்டமாக விழுந்தது. ஸ்கேல் வைத்து அளப்பதைவிட இது சரியாக வரும். அந்த அட்டையோடு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்கார அண்ணன் அட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "வோய், ஜீப்பு மாதிரி இருக்கணும்னு ஆசைப்படுதீரு. வண்டிக்க வாலு ஆடப்போவுது."

"ஆறு கிலோ அண்ணே. ஒரு சாக்குக் கறிக்காய் பாரம்கூட இல்ல."

"நான் சொல்லியதச் சொல்லியாச்சு" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார். 3 மி.மீ தகட்டில் மூன்று போல்ட், அதைப் பின்கதவுச் சட்டத்தில் இரண்டு துண்டு ஆங்கிளால் தூக்கி நிறுத்தினார். சக்கரத்தோடு சேர்த்து எட்டு கிலோ. கூடவே ஸ்பேனர், பம்பு எல்லாம் வைக்க ஒரு தகரப் பெட்டியையும் தட்டுக்கு அடியில், பின்பக்கமாகத் தொங்கவிட்டேன். சாமானோடு அது ஐந்து கிலோ. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நாலு பேர் போட்டோ எடுத்தார்கள்.

ஜூலை மாதம், சாரல் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டிக்குப் பதிலாக ஒட்டுப்பால் (சிரட்டையிலும் மரத்திலும் உறைந்த ரப்பர்) சாக்கு ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். மேட்டில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் ஸ்பீடாமீட்டர் முள் 25-ஐத் தொடும்போது பின்னால் யாரோ கையைப் பிடித்து இழுத்து விடுகிற மாதிரி ஒரு அசைவு. இடது, வலது, இடது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. பின்னால் தன் பைக்கில் வந்த மருமகன் கத்தினான்: "மாமா, பாம்பு மாதிரி போவுது! பைய விடுங்க!"

பிரேக்கை அழுத்தியிருந்தால் விழுந்திருப்பேன். ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை விட்டுவிட்டேன். இருபதுக்குக் கீழே வந்ததும் வால் அடங்கியது. கீழே இறங்கிப் பார்க்கும்போது இன்னொரு பரிசும் காத்திருந்தது. தகட்டில் போல்ட்டைச் சுற்றி வெல்டிங்கின் ஓரமாக, முடி மாதிரி ஒரு விரிசல். பின்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும் ஆறு கிலோ ஒவ்வொரு குழிக்கும் தலையாட்டி, இரண்டே வாரத்தில் இரும்பைக் களைப்பாக்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி தொங்கு தராசை எடுத்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியின் மூக்கை, அதாவது பைக்கில் மாட்டும் முனையை, பைக்கில் மாட்டினால் நிற்கும் அதே உயரத்தில் தராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். உயரம் மாறினால் கணக்கு மாறும். தூக்கிப் பிடித்தால் பாரம் பின்னால் சரிந்து குறைவாகக் காட்டும். பொதுவாக இழுவை வண்டிகளுக்குச் சொல்கிற கணக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் உட்கார வேண்டும் என்பது. அதற்குக் குறைந்தால் வால் ஆடும். ரொம்பக் கூடினால் பைக்கின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகிவிடும்.

ஸ்டெப்னி வைப்பதற்கு முன்னால் என் வண்டியின் மூக்கில் 14 கிலோ இருந்தது. 120-க்கு 14, கிட்டத்தட்ட 12 சதவீதம். நான் ஒன்றும் கணக்குப் பார்த்துக் கட்டியதல்ல, தானாக அமைந்தது. இப்போது சக்கரமும் சட்டமும் ஆக்சிலுக்குப் பின்னால் 57 சென்டிமீட்டரில் எட்டு கிலோ. எட்டை 57-ஆல் பெருக்கி 140-ஆல் வகுத்தால் மூன்றே கால் கிலோ. அவ்வளவு மூக்கைத் தூக்குகிறது. தகரப் பெட்டி தன் பங்குக்கு ஏறத்தாழ ஒன்றரை. தராசில் 9 கிலோ 300 காட்டியது. மொத்த எடையோ 133 ஆகிவிட்டது. ஏழு சதவீதம். சின்ன வயதில் சீசாப் பலகை ஆடியவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். கறிக்காய்ச் சாக்கோடு ஒப்பிட்டது நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

அப்போது சும்மா தோன்றியது: அதே எட்டு கிலோவை அதே 57 சென்டிமீட்டரில் முன்னால் வைத்தால்? மூன்றே கால் கூடும். தகரப் பெட்டியைப் பக்கவாட்டில், ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்தால் மூக்குக்கு அது இருப்பதே தெரியாது. 17 கிலோவுக்குச் சற்று மேல். 13 சதவீதம். ஒரு கிலோ கூட்டாமல், ஒரு கிலோ குறைக்காமல், இடத்தை மாற்றினதில் மட்டும் மூக்கில் எட்டு கிலோ வித்தியாசம்.

திரும்பப் பட்டறை. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. விரிசலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "சாயா குடிச்சீரா?" என்று மட்டும் கேட்டார். அந்த மரியாதைக்கு இன்றைக்கும் நன்றி.

முன்பக்கம் என்றதும் சக்கரத்தை இழுவைத்தண்டின்மேல் படுக்கவைக்கத்தான் முதலில் பார்த்தோம். அது தாழ்வாக இருக்கும், மாட்டுவதும் சுலபம். ஆனால் சக்கரத்தின் குறுக்களவு 43 சென்டிமீட்டர். படுக்கவைத்துப் பைக்கை மாட்டி, ஹேண்டிலை ஒடித்து வண்டியை ஒரு கொண்டையூசி வளைவு வளைத்தால் புல்லட்டின் சைலன்சர் நேராக டயரில் போய் முட்டியது. சூடான சைலன்சரும் டயரும் கொஞ்சுவது நல்லதல்ல. ஆகவே சக்கரத்தைத் தட்டின் முன்சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைத்தோம். அகலம் ஒன்பது சென்டிமீட்டர்தான் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் முழுசாக வளைத்தாலும் ஒரு சாண் இடைவெளி நிற்கிறது. யார் செய்தாலும் வெல்டிங் பொடி வைத்ததும் (அங்கங்கே மட்டும் லேசாக ஒட்டவைத்ததும்) பைக்கை மாட்டி இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், முழு வெல்டிங் அப்புறம்.

இந்தத் தடவை பாரம் போல்ட்டில் தொங்கவில்லை. இழுவைத்தண்டின்மேல் ஆங்கிள் துண்டு இரண்டை வி வடிவத்தில் சாய்த்து வைத்து, சக்கரம் அதில் உட்காருகிற மாதிரி ஒரு தொட்டில். தொட்டிலில் பழைய டயரில் அறுத்த பட்டை. எடை முழுவதும் தண்டில் இறங்கிவிடும். போல்ட்டின் வேலை சக்கரம் முன்னால் கவிழாமல் பிடிப்பது மட்டும். தகடும் 6 மி.மீ-க்கு மாறியது, பின்னால் முக்கோணமாக இரண்டு முட்டு.

போல்ட் ஐந்து. மூன்றே போதும் என்று அண்ணன் சொன்னார், உண்மைதான். ஆனால் எனக்கு வேறு கணக்கு. வெஸ்பா சக்கரத்தில் என்ன எம்8 நட் இருக்கிறதோ அதே நட்டையே இங்கேயும் போட்டேன், 13-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்றே எல்லாவற்றுக்கும். மூன்று நட் சக்கரத்தைப் பிடிக்கிறது. மீதி இரண்டு போல்ட்டில் நட் சும்மா முறுக்கி வைத்திருக்கிறது. ராத்திரியில் ரப்பர்ச் சருகுக்குள் ஒரு நட் உருண்டு விழுந்தால் அது விழுந்ததுதான். வண்டியிலேயே இரண்டு மிச்சம் இருப்பது தெரிந்தால் கை நடுங்காது.

இந்த ரிம்மைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது இரண்டு பாதியாகச் செய்து நடுவில் நட் போட்டு இணைத்த ரிம். டிரம்மில் பிடிக்கிற நட் ஐந்து. ரிம்மின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிற நட் ஐந்து. இரண்டும் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காற்று உள்ள டயரில் தெரியாமல் இந்த இரண்டாவது ஐந்தைக் கழற்றினால், கடைசி நட் விடும்போது ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். பகலில் குழப்பம் வராது, இருட்டில் வரும். மூன்று சக்கரத்திலும் ரிம் நட் அத்தனைக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டேன். மஞ்சளைத் தொடாதே என்று மருமகனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

சக்கரம் இருந்தால் போதுமா, வண்டியைத் தூக்க வேண்டாமா? கார் ஜாக்கி இதற்கு ஆகாது. ஏற்கெனவே உட்கார்ந்த வண்டிக்கு அடியில் அது நுழையவே நுழையாது, மழை பெய்த மண்ணில் நிற்கவும் நிற்காது. நெம்புகோலும் கட்டையும்தான் சரி. பாரம் ஏற்றின வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 58 கிலோ வருகிறது. 110 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு இஞ்ச் ஜிஐ பைப். ஒரு முனையில் நாக்கு மாதிரி தகடு. நாக்கில் இருந்து 18 சென்டிமீட்டரில் அண்டை கொடுத்தால் மறுமுனையில் பன்னிரண்டு கிலோ அழுத்தினால் போதும், இடது கை வேலை. ஜிஐ பைப்பில் வெல்டிங் வைக்கும் முன்னால் வெள்ளைப் பூச்சைக் கிரைண்டரில் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சலும் குளிருமாகக் கிடக்க நேரிடும், பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கட்டை அயனி மரத்தில். பக்கத்தில் ரப்பர்க் கட்டை மலிந்து கிடக்கிறதே என்று முதலில் அதை அறுத்தேன்; ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, பூசணம் பிடித்து உளுத்தது. அயனிக் கட்டை 21 சென்டிமீட்டர் உயரம். காற்றடித்த சக்கரம் மாட்டும்போது ஆக்சில் குழாயின் அடிப்பக்கம் நிற்கும் உயரத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் அதிகம், சக்கரம் சுழலும்படி. மண்ணில் புதையாமல் இருக்க அடியில் ஒரு சாண் சதுரத்தில் பலகை அடித்திருக்கிறது. கட்டைக்குத் தட்டின் வலது பக்கம் ஒரு கூண்டு, அதன் மேலே பைப்புக்கு இரண்டு கொக்கி. இடது பக்கம் தகரப் பெட்டி. இரண்டும் எதிரெதிராக எடையைச் சமன் செய்துகொள்கின்றன. பெட்டிக்குள் ஸ்பேனர் இரண்டு, சைக்கிள் பம்பு, ஒரு டியூப், பழைய டவல், ஒரு பாட்டில் தண்ணீர். ஸ்பேனரைப் பெட்டியோடு ஒரு முழம் கயிற்றில் கட்டிவிட்டேன். வீட்டில் யாராவது குக்கர் கைப்பிடி முறுக்க எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அனுபவம்.

இனி என் சொந்தத் தொழில், வயரிங். டிரெய்லரில் லைட் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் பாடியையே எர்த்தாக வைத்துக்கொள்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். கிரீஸ் குளித்த யுனிவர்சல் ஜாயிண்ட் வழியாகத்தான் எர்த் திரும்பி வர வேண்டும். குழியில் விழும்போதெல்லாம் டெயில் லைட் கண் சிமிட்டும், பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரியும். இப்போது எர்த்துக்கும் தனி வயர். இழுவைத்தண்டுக்கு உள்ளேயே பிளாஸ்டிக் குழாயில் ஓடவிட்டு, இணைப்புக்கு மேலே ஒரு சுற்று தளர்வாக விட்டிருக்கிறேன், வளைவில் இழுபடாமல். பிளக்கின் வாய் கீழ் பார்த்து இருக்கும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டையும் வாங்குகிற மாவட்டத்தில் மேல் பார்த்த பிளக் ஒரு வருடம் தாங்காது.

அதோடு சக்கரத்துக்கு நேர் மேலே, இரண்டு பக்கமும், வேலை செய்ய ஒரு சிவப்பு எல்இடி. வெள்ளை கிடையாது. போன வருடம் அந்த நாலரை மணிக்கு என்ன நடந்தது என்றால், தோட்டத்துக் காவலாளி சத்தம் கேட்டு டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன், உதவிக்குத்தான். ஒரு பெட்டியின் மூடி லேசாக விலகி இருந்திருக்கிறது. வெள்ளை வெளிச்சத்தைக் கண்ட ஈ நேராக டார்ச்சுக்குப் பறந்தது. அவர் டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். அடுத்த கொட்டு எனக்கு. தேனீக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் அதுபாட்டுக்குப் பெட்டிமேல் ஊர்ந்துகொண்டிருக்கும், பறக்காது. நமக்கு நட் தெரிந்தால் போதும். சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சள் பெயிண்ட் மஞ்சளாகத் தெரியாது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அதனால் பெயிண்டுக்கு மேலே ஒவ்வொரு ரிம் நட்டிலும் ஒரு துண்டு சைக்கிள் டியூபையும் மோதிரம் மாதிரி மாட்டிவிட்டேன். விரல் பட்டாலே தெரிந்துவிடும்.

பெயிண்ட் சாதாரண ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே பச்சை. சீசன் இல்லாத மாதங்களில் இதே வண்டியில் ஷீட்டும் ஒட்டுப்பாலும் போகிறது. பால் உறையவிட ஊற்றும் ஆசிட் சொட்டினால் இரும்பை அரித்துவிடும். தட்டில் மட்டும் பெயிண்டை நம்பாமல் பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்திருக்கிறேன். ஸ்டெப்னி டயரின் பக்கவாட்டை மாதம் ஒரு தடவை துடைப்பேன், காற்றும் அப்போதே பார்ப்பேன். ஓடும் சக்கரத்தில் 20 பிஎஸ்ஐ வைத்தால் ஸ்டெப்னியில் 30 வைக்கிறேன். சும்மா கிடக்கும் டியூப் மெல்ல இறங்கும். தேவைப்படும்போது குறைப்பது சுலபம், இருட்டில் சைக்கிள் பம்பால் ஏற்றுவதுதான் பாடு.

இந்த வருடம் பிப்ரவரி. அதே தோட்டம், வேறு மேடு. பெட்டிகளைச் சட்டங்கள் வண்டி ஓடும் திசைக்கு இணையாக இருக்கும்படி அடுக்கினோம். குறுக்காக வைத்தால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அடை ஆடும். முதல் நான்கு நடையும் ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தில் வேண்டுமென்றே முப்பது வரை விட்டுப் பார்த்தேன், வால் அசையவில்லை. பைக்கின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்குகிறது என்பது நிஜம். மருமகனைப் பின்னால் ஏற்றுவதில்லை, அவன் நடந்து வருகிறான், அதற்கு முணுமுணுக்கவும் செய்கிறான்.

ஐந்தாவது நடையில், மூன்று ஐம்பதுக்கு, வலது டயர். இந்தத் தடவை கம்பியல்ல, உடைந்த பாட்டில். இறங்கியதும் முதலில் செய்தது பைக்கை கியரில் போட்டு இடது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தது. அடுத்து சிவப்பு லைட். வண்டியைத் தூக்கும் முன்னாலேயே ஐந்து நட்டையும் அரைச் சுற்று தளர்த்தினேன். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம்தான் சுற்றும். நான் பைப்பை அழுத்த, மருமகன் கட்டையைத் தள்ளினான். பெட்டிகள் லேசாகச் சாய்ந்ததும் உள்ளே உம் என்று ஒரு இரைச்சல் எழும்பி, அடங்கியது. சக்கரம் மாற்றி, நட்டை எதிரெதிராக முறுக்கி, கட்டையை உருவி, இறக்கியபின் இன்னொரு தடவை முறுக்கி, பஞ்சரான சக்கரத்தை முன்னால் தொட்டிலில் உட்காரவைத்தபோது நாலு பன்னிரண்டு. ஒரு நட் சருகில் விழுந்தது. தேடவில்லை.

நாலே முக்காலுக்குக் கடைசிப் பெட்டியின் வலையை எடுத்தேன். உள்ளே இருந்து இரண்டு மூன்று ஈ வாசலுக்கு வந்து, தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் விடியவில்லை என்று திரும்ப உள்ளே போயின.

ஒரு குறை மட்டும் பாக்கி. கூண்டுக்குள் அயனிக் கட்டை கடகடவென்று ஆடுகிறது. சைக்கிள் டியூப் சுற்றிப் பார்த்தேன், ஒரு வாரம் அடங்கி மறுபடி ஆரம்பித்துவிட்டது. கட்டையை மேலிருந்து அழுத்துகிற மாதிரி ஒரு ஸ்பிரிங் தாழ்ப்பாள் வைக்கலாம் என்று பட்டறை அண்ணன் சொல்கிறார். இந்தத் தடவை அவர் சொன்னதையே செய்வதாக இருக்கிறேன்.